பிபிபிஓஇ சர்வர் ஒன்று விழுந்தாலும் இணைப்பு நிற்காமல் இருக்க

எங்கள் சந்தாதாரர்கள் எல்லோரும் ஒரே பிபிபிஓஇ (PPPoE, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைய இணைப்பு பெறும் முறை) சர்வர் வழியாகத்தான் இணைந்தார்கள். அது நின்றால் எல்லோருக்கும் இணைய இணைப்பு போய்விடும். அதனால் இரண்டாவது சர்வரையும் அதே விலேன்களில் (VLAN, ஒரே நெட்வொர்க்கைப் பிரித்து வைத்த தனித்தனிப் பகுதிகள்) சேர்த்தேன். வீட்டு ரூட்டர் அனுப்பும் பேடி (PADI, சர்வரைத் தேடும் கேள்வி) பிராட்காஸ்ட் இரண்டுக்கும் போகும். பெரும்பாலும் முதலில் பதில் தருவதையே ரூட்டர் பிடித்துக்கொள்ளும். பாதி விலேன்களில் ஒரு சர்வருக்கும் மீதியில் மற்றதற்கும் பேடோ (PADO, அந்தக் கேள்விக்குச் சர்வர் தரும் பதில்) தாமதம் வைத்ததில் சுமை பிரிந்தது. ஆனாலும் ஒவ்வொன்றும் முழுச் சுமையைத் தனியாகத் தாங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சரி, சோதித்துப் பார்க்க ஒன்றின் கேபிள்களைப் பிடுங்கினேன். எல்சிபி எக்கோவுக்கு (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செய்தி) பதில் வராததால் ரூட்டர்கள் செஷனை முடித்துவிட்டு மற்ற சர்வருக்கு வந்தன. ஆனால் பலருக்கு லாகின் மறுக்கப்பட்டது.

சிக்கல் ரேடியஸில் (RADIUS, லாகினைச் சரிபார்த்து செஷன்களைப் பதிவுசெய்யும் அமைப்பு) இருந்தது. விழுந்த சர்வரால் அக்கவுண்டிங் ஸ்டாப், அதாவது செஷன் முடிந்தது என்ற தகவல், அனுப்ப முடியாது. பழைய செஷன் திறந்தே இருப்பதாக டேட்டாபேஸ் நினைக்க, ஒருவருக்கு ஒரே செஷன் என்ற வரம்பு ஆட்களைத் தடுத்தது. இப்போது கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒரு சர்வர் செத்துவிட்டதை உறுதிசெய்ததும், அதன் ஐபியில் பதிவான செஷன்களை எல்லாம் உடனே மூடிவிடுகிறது. இந்த ஒரு மாற்றம்தான் பெரிய நிம்மதி.

அப்புறம் ஐபி. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு தனி பூல் (ஐபி முகவரித் தொகுப்பு) கொடுத்தேன். நிலையான ஐபி உள்ளவர்களுக்கு மட்டும், அவர்கள் இணைந்திருக்கும் சர்வரே /32 ரூட்டை (அந்த ஒரே ஐபிக்கான பாதை) ஓஎஸ்பிஎஃப் (OSPF, ரூட்டர்கள் பாதைகளைத் தங்களுக்குள் பகிரும் முறை) வழியாக அறிவிக்கிறது.