மின்கம்பி இரைச்சல்: கம்பத்தைக் கண்டறிந்து முறையிடும் வழி

7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஓயாத இரைச்சல் எழுந்தவுடன் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) அன்பர்கள் மின்வாரியத்தின் மீது பழியைப் போட்டுவிடுவது வழக்கம். உண்மையில் பல வேளைகளில் அந்த இரைச்சலின் பிறப்பிடம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆகவே, ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். இன்வெர்ட்டரையும் தனியே நிறுத்த வேண்டும். இல்லையேல் மெயின் போன மறுகணமே அது இயங்கத் தொடங்கித் தன் இரைச்சலையும் சேர்த்துச் சோதனையைப் பாழாக்கிவிடும். சத்தம் நின்றுபோனால் எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதும்.

நிற்கவில்லையெனில் வெளியே தேட வேண்டியதுதான். தளர்ந்த இணைப்பு, துருவேறிய போல்ட், விரிசல் விட்ட இன்சுலேட்டர் ஆகியவற்றின் நுண்ணிய இடைவெளியில் மின்பொறி தாவுவதே மின்கம்பி இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் பொறி தாவுவதால், அது நொடிக்கு 100 முறை அதிரும் உறுமலாகக் கேட்கும். மழை பெய்தால் இவ்வகை இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்சுலேட்டர் மீது படியும் உப்பினால் உண்டாகும் கசிவோ, மாறாக, ஈரக்காற்றில் கூடும். எனவே தேதி, நேரம், பட்டை, எஸ்-மீட்டர் (ரிசீவரில் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் அளவி) அளவு ஆகியவற்றோடு வானிலையையும் குறித்து வைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக அறிவிக்கப்படும் மின்தடையைத் தவறவிடக் கூடாது: அந்நேரத்தில் இரைச்சலும் மறைந்தால், அதன் பிறப்பிடம் அந்த ஃபீடரிலோ (துணைமின் நிலையத்திலிருந்து பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் தடம்) அதிலிருந்து மின்சாரம் பெறும் வீடுகளிலோ இருப்பதாகக் கொள்ளலாம்.

குறைந்த அதிர்வெண் இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் பரவுவதால், அதை மட்டும் பின்தொடர்ந்தால் தெருத்தெருவாக அலைய நேரிடும். ஏ.எம். முறையில் கேட்கக்கூடிய ரிசீவரோடு 144 மெகாஹெர்ட்ஸுக்கும், பிறகு 435 மெகாஹெர்ட்ஸ் அருகிலும் சென்று, கையடக்க யாகி ஆன்டெனாவை (ஒரு திசையிலிருந்து வருவதைக் கூடுதலாகப் பிடிக்கும் ஆன்டெனா) திருப்பிப் பார்க்க வேண்டும்; உயர் அதிர்வெண்ணிலும் சத்தம் பலமாகக் கேட்கும் கம்பமே நாம் தேடுவது. கம்பத்தைத் தட்டுவதும் ஸ்டே கம்பியை (கம்பத்தைத் தாங்க இழுத்துக் கட்டிய கம்பி) ஆட்டிப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. கம்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, தள்ளி நின்று படமெடுத்தால் போதும்.

புகாரில் ‘வானொலி சரியாகக் கேட்கவில்லை’ என்று எழுதினால் அது கோப்பிலேயே உறங்கும் என்பது என் கணிப்பு. ‘இந்த எண்ணுள்ள கம்பத்தில் மின்பொறி எழுவதாகத் தெரிகிறது’ என்றால் அது பராமரிப்புப் பணியாகிவிடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிந்து, பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை பெற வேண்டும். பலன் இல்லையெனில் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அணுகலாம்.

அலைக்கற்றைப் பக்கத்தில் பொறுப்பு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவுக்கு உரியது, அதன் கண்காணிப்பு நிலையம் சென்னையிலும் உண்டு. அழைப்புக்குறி (உரிமத்தில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடையாள எழுத்துகள்), உரிம நகல், இரைச்சல் குறிப்பேடு, ஒலிப்பதிவு, மின்வாரியத்துக்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை இணைத்து அனுப்ப வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிக் கடிதங்கள் எஃப்.சி.சி.யின் (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பகுதி 15 விதிகளை மேற்கோள் காட்டுபவை. அவ்விதிகள் இங்கே செல்லாது.

பழுது நீக்கிய பின் சில வறண்ட நாட்களுக்குத் தொடர்ந்து கேட்க வேண்டும். பெரிய இரைச்சல் ஓய்ந்ததும், அதுவரை அதனடியில் மறைந்திருந்த அடுத்த கம்பத்தின் இரைச்சல் வெளிப்படக்கூடும், அதற்குத் தனிப் புகார் தேவைப்படும்.