மசக்கை வாந்திக்கு நர்ஸம்மா சொல்லும் வழி

காலையில் முழிப்பு வந்ததும் எழுந்திருக்காதீர்கள். படுத்த வாக்கிலேயே, தலைமாட்டில் டப்பாவில் வைத்திருக்கும் அரிசிப் பொரியோ ரஸ்க்கோ கொஞ்சம் எடுத்து மெல்லுங்கள். காபி அப்புறம். கால் மணி நேரம் அப்படியே கிடந்துவிட்டு, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி மெதுவாக உட்காருங்கள். ஈரோடு மாவட்டத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில், முழுகாமல் இருக்கும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். "பல்லு வெளக்காமயேங்களா?" என்று மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வெறும் வயிற்றில் பிரஷ் நாக்கில் பட்டாலே பல பேருக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்துவிடும்.

வயிறு காலியாக இருந்தால் குமட்டும். ரொம்ப நிறைந்தாலும் குமட்டும். அதனால் மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி எதையாவது உள்ளே தள்ளுங்கள். "ரெண்டு உசுருக்குத் திங்கோணும்" என்று தட்டு நிறையப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பது இந்தச் சமயத்தில் வேண்டாத வேலை. ஒன்பதாவது வாரத் தொடக்கத்தில் குழந்தை ஒரு அங்குலம்கூட இருக்காது. முதல் மூன்று மாதத்தில் தாய் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது சகஜம். குழந்தை அதற்காக வாடாது.

கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், மசக்கை ஆறாவது வாரத்தை ஒட்டி ஆரம்பிக்கும், ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் 12 முதல் 16 வாரத்துக்குள் அடங்கும். சிலருக்கு 20 வாரம்வரை இழுக்கும். காலையில் மட்டும்தான் வரும் என்று இல்லை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறவர்களும் உண்டு. பத்து வாரம் வரை ஒன்றுமில்லாமல் இருந்து, அதற்குப் பிறகு புதிதாக வாந்தி வந்தால் அதை மசக்கை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூத்திரத்தில் கிருமி, மஞ்சள் காமாலை என்று வேறு ஏதாவது இருக்கலாம்.

ஏன் ஒருத்திக்கு லேசாகவும் இன்னொருத்திக்குக் குடலைப் பிடுங்குவது போலவும் வருகிறது? நஞ்சுக்கொடியும் கருவும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் ஏறுவதுதான் முக்கியக் காரணம் என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்குத் திடீர் ஏற்றம் தாங்குவதில்லை. ஆகவே "அவ நடிக்கிறா", "நாங்கெல்லாம் காட்டு வேலை செஞ்சுட்டே பெத்தோம்" போன்ற பேச்சை வீட்டார் மூட்டை கட்டி வைக்கலாம்.

வாசனைதான் பாதிச் சண்டை. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளிப்பு: எண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் சிவந்து வருகிற மணம். எனக்குப் பசி எடுத்தது. மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்கு ஓடினாள். சோறு கொதிக்கும்போதும் அப்படித்தானாம். மாமியாரிடம், "இன்னும் ஒரு மாசத்துக்கு அடுப்பங்கரைப் பக்கம் விடாதீங்க, ஆறின சோத்தைத் தயிர் போட்டுப் பெசஞ்சு குடுங்க" என்றேன். சூடு ஆறினால் மணமும் அடங்கும். தயிர் சோறு, ஆறின இட்லி, உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு, இதெல்லாம் நிற்கும். மல்லிகைப் பூ, ஊதுபத்தி, வீட்டுக்காரர் போட்டுக்கொள்ளும் சென்ட் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை விலக்குங்கள். மாத்திரைச் சீட்டு எழுதும் முன் அந்த வீட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். குடிப்பதை மடக்கு மடக்காக இழுக்காமல், வாய் வாயாக: மோர், இளநீர், உப்பு போட்ட நீராகாரம், எலுமிச்சைச் சாறு. இஞ்சி நிஜமாகவே உதவும். சுக்குத்தூள் என்றால் ஒரு நாளைக்கு அரை டீஸ்பூனுக்கு மேல் போக வேண்டாம், நெஞ்செரிந்தால் நிறுத்திவிடுங்கள். வாந்தி எடுத்த கையோடு பல் விளக்கினால் அமிலத்தில் இளகிய பல் தேயும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள்.

மாங்காய்க்கு ஆசைப்பட்டால் தின்னுங்கள். சாம்பல், பல்பம், சுவர் மண், பச்சரிசி என்று நாக்கு கேட்டால் ஒளித்து வைத்துத் தின்னாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். ரத்தம் குறைவாக இருப்பவர்களுக்கு இப்படி ஆசை வரும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகைதான்.

இனி மாத்திரை. "முதல் மூணு மாசம் எதையும் முழுங்கக் கூடாது" என்று பயந்து பச்சைத் தண்ணீர்கூடத் தங்காமல் கிடப்பார்கள். டாக்சிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை இதற்கென்றே பல காலமாக இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைக்கு ஊனம் வரும் என்று வழக்கு மேல் வழக்காகப் போட்டதில் 1983இல் கம்பெனியே விற்பனையை நிறுத்தியது. பிறகு நடந்த ஆய்வுகளில் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 2013இல் அதே மருந்துச் சேர்க்கைக்கு அங்கே மறுபடி அனுமதி கொடுத்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தைரியமாகப் போடுங்கள். தூக்கம் வரும், அதனால் பெரும்பாலும் ராத்திரியில் போடச் சொல்வார்கள். மருந்துக் கடையில் "வாந்தி மாத்திரை" என்று மொட்டையாகக் கேட்டு வாங்குவது மட்டும் கூடாது. ஒண்டான்செட்ரான் போன்றவற்றை முதல் மூன்று மாதத்தில் கொடுக்கலாமா என்று டாக்டர்தான் யோசித்து எழுத வேண்டும்.

எது ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை தடவை வாந்தி என்று எல்லோரும் எண்ணுவார்கள். நான் கேட்பது, "ஒண்ணுக்கு எப்பப் போன கண்ணு, என்ன நெறம்?" நாலு தடவை வாந்தி எடுத்தும் வெளிறிய மூத்திரம் தாராளமாகப் போகிறதென்றால் பயமில்லை. எட்டு மணி நேரமாகப் போகவில்லை, போனாலும் கடுங்காப்பி நிறத்தில் இரண்டு சொட்டு என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்று வலி, உதிரப்போக்கு, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து (ஐம்பது கிலோ இருந்தவருக்கு இரண்டரைக் கிலோ) குறைந்தது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அப்படியே. நடக்க முடியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றி, மூத்திரத்தில் கீட்டோன் (உடம்பு பட்டினி கிடப்பதைக் காட்டும் பொருள்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரட்டைக் குழந்தையா, முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடி திராட்சைக் கொத்துபோல வளர்வது) என்று ஸ்கேனில் தெரியும். எத்தனை நாளாகச் சாப்பாடே தங்கவில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரொம்ப நாள் என்றால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (பி1 வைட்டமின்) ஊசி போட வேண்டியிருக்கும்.

கடைசியாக, சத்து மாத்திரை. முதல் மூன்று மாதத்துக்கு அரசு தருவது ஃபோலிக் அமிலம் மட்டும், அது பெரும்பாலும் குமட்டாது. இரும்புச் சத்து மாத்திரை நாலாவது மாதத்திலிருந்துதான். முன்கூட்டியே யாராவது கொடுத்து, அதைப் போட்டதிலிருந்து வாந்தி கூடியிருந்தால் டாக்டரிடம் கேட்டுத் தள்ளிப் போடலாம். ஆரம்பித்த பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். டீ, காபியோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் அது மாத்திரையின் நிறம். அதைப் பார்த்துப் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.