புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு தொண்டையில் சோறு இறங்க

ரசம் சாதம் இதமானது என்று கொடுப்பார்கள், சிக்கலே அதில்தான். நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்ப் பக்கம் ஓடும், பருக்கை தொண்டையில் தங்கிவிடும். ஒரே பதமாக இருக்க வேண்டும்: குழைந்த தயிர்சாதத்தை மிக்ஸியில் அடித்து, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் அளவுக்கு. தாளிப்பு வேண்டாம், கடுகு ஒட்டிக்கொள்ளும்.

சாப்பிடுமுன் வாய் கொப்பளிக்க 1 லிட்டர் வெந்நீர் ஆறியதும் உப்பு, சமையல் சோடா தலா 1 டீஸ்பூன் கலக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து அரை டீஸ்பூனாக விழுங்கி, உணவில்லாமல் இன்னொருமுறை விழுங்குங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். முடிந்தபின் 30 நிமிடம் படுக்கக் கூடாது.

தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குவது எல்லோருக்கும் பொருந்தாது; விழுங்கல் பயிற்சியாளர் சொன்னால் மட்டும். குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்துங்கள். இருமலே வராமலும் உணவு நுரையீரலுக்குள் போகலாம். காய்ச்சல், மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை.