நான்ஸ்டிக் வேண்டாம், பாதி வெங்காயம் போதும்

நான்ஸ்டிக் பணியாரச் சட்டி கீறி உரிய ஆரம்பித்தால் புதிதாக இன்னொன்று வாங்காதீர்கள். பரணில் கிடக்கும் இரும்புப் பணியாரக் கல்லை இறக்குங்கள். துரு போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் காய்ந்ததும் குழிகளில் மெல்லிசாக நல்லெண்ணெய் தடவி, லேசாகப் புகையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் குழி கருத்துப் பளபளக்கும். அப்புறம் மாவு ஊற்றும் முன் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் குழிகளில் தேய்த்தால் போதும், கம்பி பட்டதும் பணியாரம் புரளும்.

சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு படலமாகிவிடுகிறது, ஒட்டாமல் காப்பது அதுதான். வழக்கமான நான்ஸ்டிக் பூச்சோ பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு அவ்வளவு உறுதி என்பதால் மண்ணிலும் தண்ணீரிலும் எளிதில் சிதையாது. முன்பு அந்தப் பூச்சைத் தயாரிக்கப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-ல் வகைப்படுத்தியது. நம் வீட்டு அடுப்பில் இந்தப் பூச்சுக்கு என்ன வேலை?

வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரிவது, அதற்கு இந்தப் பக்குவம் தேவையில்லை. புளிக்குழம்பு, தக்காளித் தொக்குக்கு இரும்புச் சட்டி சரிவராது. புளிப்பு படலத்தை அரித்துவிடும், அவற்றை மண்சட்டியில் வையுங்கள்.