திருகோணமலைக் குளங்களில் நாட்டு மீனையும் வரவு மீனையும் பிரித்தறியும் முறை

கந்தளாய்க் குளத்தின் கரையில் காலையில் வலை கழற்றும்போது கிடைக்கும் மீன்களுள் எவை இந்த மண்ணுக்குரியவை, எவை பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டவை என அறிய விரும்புபவர் நிறத்தையும் பருமனையும் நம்பக்கூடாது. ஒரே மீன் கலங்கல் நீரில் கறுத்தும் தெளிந்த நீரில் வெளுத்தும் தோன்றும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் நிறம் மேலும் மாறும். துடுப்பு முட்களும் வாயின் அமைப்புமே உறுதியான அடையாளங்கள்.

மிகுதியான குழப்பம் திலாப்பியாவிலும், சிங்களத்தில் கொரலியா எனப்படும் எட்ரோப்ளஸ் சுரட்டென்சிஸ் மீனிலும் ஏற்படுகிறது. இரண்டும் ஒரே குடும்பத்தவை. இரண்டுக்கும் உடல் தட்டையானது. இரண்டும் உவர்நீரைத் தாங்குவதால், கந்தளாய் நீர் சென்று சேரும் தம்பலகாமக் குடாவிலும் மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவின் ஓரங்களிலும் ஒரே வலையில் அகப்படக்கூடும். கொரலியா நாட்டு மீன். மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. மீனை மல்லாத்திப் பிடித்து, குதவாய்க்குப் பின்னுள்ள அடித்துடுப்பை விரித்து, அதன் முன்பகுதியிலுள்ள கூரிய முட்களை எண்ணுங்கள். பெரும்பாலும் 3 முட்கள் மட்டும் இருந்தால் அது திலாப்பியா. 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கொரலியா அல்லது அதன் சிறிய உறவினமான எட்ரோப்ளஸ் மக்குலேட்டஸ் (இப்போதைய பெயர் சூடெட்ரோப்ளஸ் மக்குலேட்டஸ்). கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும் என்பதால், மற்றெல்லாவற்றுக்கும் முன்னர் இதையே பழகுமாறு வேண்டுகிறேன்.

திலாப்பியாவிலும் இரு வகை உண்டு. வால்துடுப்பில் மேலிருந்து கீழாக ஒழுங்கான கோடுகள் தெரிந்தால் அது நைல் திலாப்பியா; வளர்ந்த ஆண் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்போரம் சிவந்திருந்தால் அது மொசாம்பிக் வகை. இவை இரண்டும் தமக்குள் கலந்து இனம்பெருக்குவதால், இடைப்பட்ட தோற்றமுடைய மீனுக்குப் பெயர் சூட்ட அவசரப்படாமல் "திலாப்பியா, கலப்பாக இருக்கலாம்" என்று குறிப்பதே நேர்மையானது. வறண்ட ஆடி, ஆவணியில் நீர் வற்றும்போது ஆழமற்ற மணலில் தெரியும் வட்டக் குழிகள் ஆண் திலாப்பியா தோண்டியவை. பெண் முட்டைகளை வாயில் அடைகாக்கும். கொரலியாவோ வேரிலும் கல்லிலும் முட்டையை ஒட்டி வைத்துக் காவல் காக்கும்.

கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய இந்தியக் கெண்டைகள் ஓடும் நீரிலேயே முட்டையிடும் இயல்புடையவை. ஆகவே குளத்தில் அவை கிடைத்தால் பெரும்பாலும் குஞ்சாக விடப்பட்டவையே. பெரிய தலையும் மேல்நோக்கிய வாயும் கட்லாவுக்கு அடையாளம். விரால், பனையேறிக் கெண்டை, உழுவை, விலாங்கு ஆகியவை நாட்டு மீன்கள். சில கெளுத்தி வகைகளின் மார்புத்துடுப்பு முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். அவற்றை வெறுங்கையால் எடுக்க வேண்டாம். முதலைகள் இருக்கக்கூடும் என்பதால் அறியாத இடத்தில் நீரில் இறங்கவும் வேண்டாம்.

எலும்புத் தகடு போர்த்த உடலும் அடிவயிற்றுப் பக்கம் உறிஞ்சும் வாயும் உள்ள மீன் அகப்பட்டால் அது கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் டாங்க் கிளீனர். அதன் தகடுகள் வலையைக் கிழிக்கும். இம்மீன் கரையைத் துளைத்து முட்டையிடும். திலாப்பியா வரவு மீனாயினும் குளத்து மீனவர்களின் வருமானத்தில் பெரும்பங்கை வகிக்கிறது. அதை நீரிலிருந்து அகற்றும் எண்ணம் பொருந்தாது. டாங்க் கிளீனரை மீண்டும் நீரில் விடாதீர்கள். வீட்டுத் தொட்டி மீன் எதையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். ஐயமான மீனைத் துடுப்புகள் விரிந்த நிலையில் பக்கவாட்டாக, அருகில் அடிக்கோல் வைத்துப் படமெடுத்து, குளத்தின் பெயரையும் நாளையும் மீனவர் சொன்ன பெயரையும் எழுதி, கடற்றொழில் அலுவலரிடம் காட்டுங்கள்.