கடலுக்குக் கிளம்பும் முன் நாற்காலியைப் பாருங்கள்

போன மாதம் தெரபி சென்டர் வராந்தாவில், அவிநாசியிலிருந்து வரும் ஒரு பெண் செல்போனை என்னிடம் நீட்டினாள். கோவையிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட். மகனுக்கு ஏழு வயது, செரிபிரல் பால்சி. ஒரு தடவையாவது பிளேனில் ஏற வேண்டும் என்பது அவன் ஆசை. "வீல்சேர் வேணும்னு டிக் போட்டுட்டேங்க்கா, இனி கவலையில்லை" என்றாள். "எந்த வீல்சேர்?" என்று கேட்டேன். முழித்தாள்.

2023-இல் என் மகளோடு கிளம்பியபோது நானும் இதே நிம்மதியில்தான் இருந்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பேச்சு வராது. படப் பலகையில் விரலை வைத்துத்தான் சொல்லுவாள். மாதக்கணக்கில் கடல் படத்தின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். சரி, காட்டிவிடலாம் என்று கிளம்பினோம்.

மருந்து, டயப்பர், மாற்றுத்துணி பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தே நாம் பை கட்டுவதில் கைதேர்ந்துவிட்டோம். கிளம்பும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொல்வது

விமான நிறுவனங்களிடம் வீல்சேருக்கு மூன்று குறியீடுகள் இருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்று பொருள். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது. டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு வேண்டியது மூன்றாவது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முதலாவதாகவே எழுதிக்கொள்வார்கள். அப்புறம் விமானம், கட்டடத்திலிருந்து நேராக உள்ளே நுழையும் ஏரோபிரிட்ஜில் நிற்காமல் தூரத்தில் நின்றால், மேலே தூக்கிவிடும் ஆம்புலிஃப்ட் வண்டியும் வராது, விமானத்துக்குள் நுழையும் ஒடுக்கமான நாற்காலியும் வராது. திருப்பூர்க்காரர் ஒருவர் பதினான்கு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் படியேறிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வராது.

புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே போன் செய்து, குறியீட்டின் பெயரைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

சொந்த நாற்காலியைக் கவுண்டரில் கொடுத்துவிடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. பாதி எரிச்சல் என் மேலேயேதான்.

கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் சொன்னான்: "மேடம், இதை இங்கேயே லக்கேஜ்ல போட்டுடுங்க, நாங்க வேற வீல்சேர் தர்றோம்." பின்னால் வரிசை நீண்டிருந்தது. மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுச் சரி என்றேன். அந்த ஒரு "சரி"தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அவர்கள் கொடுத்தது பெரியவர்களுக்கான நாற்காலி. தொட்டில் மாதிரி தொய்ந்த சீட்டு, பக்கவாட்டில் பிடிமானம் இல்லை, தலைக்கு எதுவும் இல்லை. என் மகளின் நாற்காலி அவள் முதுகு வளைவுக்கு அளவெடுத்துச் செய்தது. அதிலிருந்து எடுத்தால் அவளால் ஐந்து நிமிடம்கூட நேராக உட்கார முடியாது. அன்றைக்குப் பார்த்து விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். நான் தரையில் மண்டியிட்டு, முழங்காலால் அவள் இடுப்புக்கு முட்டுக் கொடுத்து, கையால் தலையைத் தாங்கிக்கொண்டே இருந்தேன். உடம்பு விறைக்க ஆரம்பித்துவிட்டது. விமானம் மேலே எழும்பியபோது ஜன்னலைப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

சென்னையில் அவளுடைய நாற்காலி பெட்டிகளோடு பெட்டியாகப் பெல்ட்டில் தலைகீழாக வந்தது. ஒரு ஃபுட்ரெஸ்ட்டைக் காணோம். தலைத்தாங்கியின் கம்பி வளைந்திருந்தது. தொடைகளுக்கு நடுவே வைக்கும் சின்னக் கட்டையும் போயிருந்தது. அது இல்லாவிட்டால் கால் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். டாக்சி காத்திருக்கிறது என்று அவசரமாக வெளியே வந்துவிட்டோம். இது இரண்டாவது தவறு. சேதத்தை விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, பேக்கேஜ் கவுண்டரில் எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்கியிருக்க வேண்டும். மறுநாள் போன் செய்தபோது "அப்பவே சொல்லியிருக்கணுமே மேடம்" என்றார்கள். மறுநாள் பகல் முழுக்கத் திருவல்லிக்கேணியில் ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் கழிந்தது. இரண்டு நாள் கடல், ஒரு நாள் கடலாகிவிட்டது.

விதி நம் பக்கம்தான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, அளவு பொருந்தும் சொந்த நாற்காலியைப் பயன்படுத்த விரும்பினால் அனுமதிக்க வேண்டும். ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டியது இதுதான்: "விமான வாசல் வரைக்கும் எங்கள் சேரிலேயே வருகிறோம். அங்கே டேக் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் வாசலிலேயே கொடுங்கள்." கேள்வியாகக் கேட்காமல் தகவலாகச் சொல்லுங்கள். வரிசை நீண்டால் நீளட்டும்.

வாசலில் ஒப்படைக்கும் முன் தலைத்தாங்கி, ஃபுட்ரெஸ்ட், மெத்தை என்று கழட்டக்கூடியதை எல்லாம் கழட்டி உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த இடத்தில் பிடித்துத் தூக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில், தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள். பேட்டரி நாற்காலி என்றால் முதலில் கேட்க வேண்டியது பேட்டரியின் வாட்-அவர் அளவை. கழட்டும் வகை லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-அவர் வரைக்கும், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரைக்கும்தான் அனுமதி. கழட்டிய பேட்டரி கேபினுக்குள்தான் வர வேண்டும், சரக்கு அறைக்குப் போகக் கூடாது.

டாக்டர் கடிதம் இல்லாமல் போவது

2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை, பதற்றமாக இருக்கிறான் என்று சொல்லி ஏற்ற மறுத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியைத் திருத்தினார்கள். பயணியின் உடல்நிலை மோசமாகலாம் என்று தோன்றினால் ஊழியர்கள் தாங்களாக முடிவெடுக்காமல், விமான நிலைய மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். இருந்தாலும் நம் டாக்டரின் ஒரு பக்கக் கடிதம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பயணத்துக்கென்று புதிதாகத் தூக்க மருந்து

வேண்டவே வேண்டாம்.

யு.டி.ஐ.டி. அட்டையே ரயிலுக்கும் போதும் என்று இருந்துவிடுவது

திரும்பி வர ரயில். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யை நீட்டினோம், சலுகை இல்லை. ரயில்வே தனியாக ஓர் அட்டை தருகிறது. அவர்களுடைய படிவத்தில் அரசு மருத்துவர் சான்று எழுதித் தர வேண்டும். விண்ணப்பித்தால் உடனே கையில் வந்துவிடாது. கிடைத்துவிட்டால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் குறையும், கூட வரும் ஒருவருக்கும் அதே சலுகை. நாங்கள் மூன்று பேரும் முழுக் கட்டணம் கட்டினோம்.

"கிரவுண்ட் ஃப்ளோர் ரூம்தாங்க" என்று ஹோட்டலில் சொன்னதை நம்புவது

வாசல் படிகளையும் பாத்ரூம் கதவையும் போட்டோவாகக் கேட்டு வாங்குங்கள்.

மெரினாவில் பாதை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்புவது

இருக்கிறது. 263 மீட்டர் நீள மரப்பாதை, 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் அதன் முனை சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். கடலோரத்து மரம் அப்படித்தான். போவதற்கு முதல் நாள் சென்னையில் யாரையாவது விட்டு நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள், வெயிலும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. பாதை முடியும் இடத்திலிருந்து அலை வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் போனோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கடலோடு சேர்த்து மற்றதையும் முடித்துவிடலாம் என்று நினைப்பது

எங்கள் திட்டத்தில் வண்டலூர், மாமல்லபுரம், மாமியாரின் வேண்டுதலுக்காகக் கபாலீஸ்வரர் கோவில் எல்லாம் இருந்தன. வெல்டிங் பட்டறை புண்ணியத்தில் அத்தனையும் அடிபட்டுப்போய்க் கடல் மட்டும் மிஞ்சியது. ஈரமணலில் என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். முதல் அலை காலில் பட்டதும் வீல் என்று கத்தினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன். அவள் பலகைக்குக் கை நீட்டினாள். "இன்னும்" என்ற படத்தின் மேல் விரலை வைத்தாள். ஒன்பது மணிக்கு வெயில் விரட்டும் வரைக்கும் அந்த விரல் நகரவில்லை.

அவிநாசிப் பெண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை விமானம். நேற்று இரவு கூப்பிட்டாள்: "ஏனுங்க்கா, ஃபுட்ரெஸ்ட் கழட்டுற ஆலன் கீயைக் கைப்பையில வெச்சுக்கலாமுங்களா?" செக்யூரிட்டியில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்றேன். "அப்ப வாசல்ல எப்படிக் கழட்டுறது?" என்றாள். "நாளைக்குச் சைக்கிள் கடைக்குப் போ கண்ணு. கையாலயே திருகுற மாதிரி நட்டு மாத்தித் தரச் சொல்லு."