நுரையீரல் மாற்றிய பிறகு: வீட்டில் ஊதிப் பார்த்துக் கணக்கு வைக்கும் முறை

அக்காவுக்கு சென்னையில் இரண்டு நுரையீரலும் மாற்றி, வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று வருடமாகிறது. இதையெல்லாம் முதல் வருடமே யாராவது எனக்குச் சொல்லித் தந்திருந்தால் ஐந்து கிழமைகள் வீணாகப் போயிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் தேடுவது திடீர் நோயை அல்ல. உடல் மாற்று நுரையீரலை மெல்ல மெல்ல நிராகரிக்க, சிறிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிப் போகும். டொக்டர்மார் இதைக் கிளாட் என்பார்கள். ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு வருகிறது. வலிக்காது. படி ஏற இளைக்கிறது என்று அவர்களாகச் சொல்லும்போது நிறையப் போயிருக்கும், போனது பெரும்பாலும் திரும்பாது.

என்ன வாங்குவது

எஃப்.ஈ.வி.1 காட்டும் சிறிய ஸ்பைரோமீட்டர். பலமாக ஊதும்போது முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் அந்த எண். ஆஸ்துமாக்காரர் வைத்திருக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் போதாது, அது வேறு அளவு. விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரை மட்டும் நம்பி இருக்கவே வேண்டாம். மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கி வெகுநாள் வரை அது 97, 98 என்றுதான் காட்டும்.

குறித்து வைக்க எனக்குப் பிடித்தது கொப்பிதான். ஒரு பக்கத்தில் ஒரு மாதம் முழுவதையும் பார்க்கலாம்.

ஊதுவது

தினமும் காலமை ஒரே நேரம். கதிரையில் நிமிர்ந்து இருந்து, மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி மூடி ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். மூன்று தரம் ஊதி, கூடியதை எழுதுங்கள். முதல் இரண்டு கூடிய எண்களுக்கு இடையில் 150 மில்லிலீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஊதியது சரியில்லை, ஆறுதல் எடுத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். சில்லு சுழலும் வகைக் கருவியில் அந்தக் காற்றும் புகுந்து எண்ணைக் குழப்பும்.

நான் தவறிய இடம்

எழுதிய எண்ணை எதோடு ஒப்பிடுவது? நான் போன கிழமை எண்ணோடு ஒப்பிட்டேன். 2.02 லீட்டர். அடுத்த கிழமை 1.98. பிறகு 1.95, 1.92, 1.88. ஒவ்வொரு கிழமையும் முப்பது நாற்பது மில்லிலீட்டர்தானே, நேற்று அக்கா சரியாக நித்திரை கொள்ளவில்லை, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அக்காவும் நன்றாகத்தான் இருந்தாள், சமைத்தாள், சந்தைக்குப் போனாள். வேறு விஷயமாகச் சென்னைக்குப் போன் எடுத்தபோது அங்கிருந்த தாதி, "அவங்க பெஸ்ட்ல இருந்து எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கணக்கு இதுதான். நுரையீரல் மாற்றிய பிறகு வந்த எண்களில் மிகக் கூடிய இரண்டை எடுங்கள். இரண்டுக்கும் இடையில் மூன்று கிழமையாவது இருக்க வேண்டும். அக்காவுக்கு 2.14, 2.06. சராசரி 2.10. அதுதான் அடிப்படை. அதில் பத்து வீதம் குறைந்தால் 1.89, இருபது வீதம் குறைந்தால் 1.68. இந்த மூன்று எண்களையும் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி வையுங்கள். அன்றைய எண்ணை அதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

1.88 என்றால் பத்து வீதக் கோட்டை ஏற்கெனவே தாண்டிவிட்டோம். கொழும்பிலேயே ஆய்வுகூட ஸ்பைரோமெட்ரி, சிடி ஸ்கான், பிறகு நுரையீரலுக்குள் குழாய் விட்டு மாதிரி எடுத்தார்கள். தொற்று. மருந்து கொடுத்து 2.01 வரை வந்தது. இருபது வீதம் இறங்கி, வேறு காரணம் எதுவும் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால்தான் கிளாட் என்று உறுதி செய்வார்கள். ஆனால் நாம் போன் எடுக்க அதுவரை காத்திருக்கக் கூடாது, பத்திலேயே எடுக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை

உடல் மாற்று நுரையீரலை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் குளிசை டக்ரோலிமஸ். இரத்தத்தில் அதன் அளவு பார்க்க, இரவுக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, காலமைக் குளிசைக்கு முன்னர் இரத்தம் கொடுக்க வேண்டும். குளிசையைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் எடுத்த கையோடு விழுங்குங்கள். கிரியேட்டினினையும் சீனியையும் சேர்த்துப் பாருங்கள், இந்த மருந்துகள் வருடக்கணக்கில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வீட்டில் பிரஷரும் பாருங்கள்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர், தன் அம்மாவுக்கு இருமலுக்கென்று கிளாரித்ரோமைசின் கொடுத்து டக்ரோலிமஸ் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது என்று எழுதியிருந்தார். ஃப்ளுகோனசோலும் அப்படித்தான் ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். எந்தப் புது மருந்தானாலும் மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான். ஜம்போலாப் பழமும் டக்ரோலிமஸை ஏற்றும், வேண்டாம்.

இன்னொருவர் கேட்டது காய்ச்சல் பற்றி. கொழும்பில் மழை விட்டால் டெங்கு, அதனால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி, காய்ச்சல் மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள், சிறுநீரகத்துக்கும் கூடாது. போன் எடுக்க எங்கள் குழு சொன்ன எல்லை 38 டிகிரி. அக்கா எடுக்கும் ஸ்டீராய்ட் காய்ச்சலை அமுக்கிவிடும் என்பதால், 37.5 ஆக இருந்தாலும் அக்கா சோர்ந்து படுத்தால் நான் போன் எடுத்துவிடுவேன். எடுக்கும்போது கொப்பியின் அந்த மாதப் பக்கத்தைப் படம்பிடித்து முதலே அனுப்பிவிடுவேன், முன்மட்டையோடு சேர்த்து.